பையன்களுக்கு என்ன படம் போடுவீர்களாம்!

சனிக்கிழமை நம் குடியிருப்பு மொட்டைமாடியில் பிள்ளைகளுக்குப் படம் போட்ட கதை இது. கோடை விடுமுறைக்குப் படங்கள் சொல்லுங்கள் என்று கேட்டது குடியிருப்போர் சங்கம்தான். நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு, "எல்லாம் பெண் பிள்ளைகள் படமாக இருக்கிறதே, பையன்களுக்கு என்ன போடுவீர்கள்?" என்று ஒரு பெரியவர் கேட்க, கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஓடியது, ஒரே ஆள் இருபது பேரைத் தூக்கி வீசும் படம். அது மட்டும் எல்லோருக்குமான படம், அப்படித்தானே?

சிறுமி நாயகியாக இருப்பதால் அது சிறுமிகளுக்கான படம் ஆகிவிடாது. ஆயுள் முழுக்க ஆண்களின் கதைக்கு அழுதிருக்கிறோம், சிரித்திருக்கிறோம். எங்களுக்கு என்ன போடுவீர்கள் என்று எந்தப் பெண்ணாவது டிக்கெட் கவுண்டரில் சண்டை போட்டாளா?

ஜாபர் பனாஹியின் 'தி வைட் பலூன்' (1995) ஈரானியப் படம். புத்தாண்டுக்குத் தங்கமீன் வாங்க அம்மாவை நச்சரித்துப் பணம் வாங்கிப் போகிற சிறுமி, அந்த நோட்டைப் பூட்டிய கடை ஒன்றின் முன்னால் கம்பி இடுக்கில் தவறவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. என் மகன் நகத்தைக் கடித்தபடி பார்த்தான். மறுநாள் துடைப்பக் குச்சி நுனியில் சூயிங்கம் ஒட்டி, வாசல் சாக்கடை மூடியின் ஓட்டைக்குள் விட்டு, பத்து ரூபாய் நாணயத்தை எடுக்கக் குந்தியிருந்தான். நாணயத்தை உள்ளே போட்டதும் அவனேதான். பையன்களுக்கு என்ன இருக்கிறது என்று இன்னொரு முறை கேட்காதீர்கள்.

சப்டைட்டில் வேகத்துக்குக் குழந்தைகளால் படிக்க முடியாது என்கிறீர்களா? நியாயம். நான் உரக்கப் படித்துச் சொல்வேன், தொண்டை கட்டினால் என் பாடு. இல்லையா, தமிழிலேயே 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) இருக்கிறது. பெற்றவளைத் தேடி இலங்கைவரை போகும் அமுதாவாக நடித்த கீர்த்தனாவுக்குத் தேசிய விருதே கிடைத்தது.

இதையெல்லாம் பார்த்தால் பெண் பிள்ளைகள் எதிர்த்துப் பேசுவார்களாம். நம் சேலம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவின் வளைவைப் பார்த்துப் பெருமைப்படுகிறோமே, அந்த நிறுவனம் 1950இல் எடுத்த 'மந்திரி குமாரி'யில், தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துப் போன வில்லன் கணவனை, சுற்றி வந்து வணங்குவதாகச் சொல்லி மனைவியே தள்ளிவிடுகிறாள். எழுதியது கலைஞர், நாயகன் எம்.ஜி.ஆர். அந்தக் காலத்துச் சேலம் அதைத் தாங்கியது. நம் மொட்டைமாடியால்தான் முடியவில்லை.

ஹைஃபா அல்-மன்சூரின் 'வாட்ஜ்தா' (2012) என்று வரும்போதுதான் எனக்கு நிதானம் போய்விடுகிறது. பச்சை நிற சைக்கிள் ஒன்றை வாங்குவதற்காகக் குர்ஆன் ஓதும் போட்டியில் சேரும் சவுதிச் சிறுமியின் கதை. ரியாத் தெருக்களில் ஆண்களோடு நின்று வேலை செய்ய முடியாததால், இயக்குநர் வேனுக்குள் உட்கார்ந்து வாக்கி டாக்கியில் இயக்கினார்.

நான் வளர்ந்த கன்னங்குறிச்சியில் தம்பிக்கு சைக்கிள் வந்தபோது எனக்கு டவுன் பஸ் பாஸ் வந்தது. பெண் பிள்ளை விழுந்து கைகால் ஒடிந்தால் யார் கட்டுவார்கள் என்றார் பாட்டி. தம்பி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். அவன் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. எனக்கு இன்றுவரை சைக்கிள் ஓட்டத் தெரியாது. படத்தைப் பற்றிப் பேசுகிறாயா, பழைய பங்காளிச் சண்டையா என்பீர்கள். இரண்டும்தான்.

ஞாயிறு மாலை எங்கள் வீட்டு டிவியில் 'வாட்ஜ்தா' போடுகிறேன். தட்டுவடை செட் என் பொறுப்பு, பையன்களுக்கும் உண்டு. தம்பி, நீ வராவிட்டாலும் உன் மகளை அனுப்பி வை. சைக்கிள் கேட்டு அவள் நச்சரிக்கிறாளாமே?