வீடியோவும் வேணும், வகுப்பும் வேணும்

ஆன்லைன் வகுப்பு என்றாலே பிள்ளைகளுக்கு வேப்பங்காய் என்கிறது ஒரு கூட்டம். இந்தத் தலைமுறைக்குக் கையில் போன் இருந்தால் போதும், கல்லூரிக் கட்டடமே தேவையில்லை என்கிறது இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டத்திலும் மாணவர்கள் யாரும் இல்லை. நான் அரசுக் கலைக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். ஆன்லைனும் நேரடி வகுப்பும் எப்படிக் கலந்தால் உங்களுக்குச் சரிவரும் என்று கொரோனா காலத்தில் படித்தவர்களில் தொடங்கி இப்போது படிப்பவர்கள் வரை கேட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். அவர்கள் சொல்வதும் அவர்கள் சார்பாக நாம் பேசுவதும் வேறு வேறாக இருக்கிறது.

பெரும்பாலானவர்கள் கேட்பது இவ்வளவுதான்: வகுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வீடியோவை வைக்காதீர்கள், வகுப்பையும் நடத்துங்கள், வீடியோவையும் கொடுங்கள். ஆனால் மேலிருந்து வருகிற திட்டங்களில் பேச்சு எப்போதும் சதவீதத்தில்தான் இருக்கும். 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) கலப்புக் கற்றல் பற்றி ஒரு கருத்துரு வெளியிட்டது. ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம், மீதி 60 நேரில். அதே ஆண்டு மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்தில் படித்து, பட்டத்துக்கான மதிப்பாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் கிரெடிட் வரம்பும் 20 சதவீதத்திலிருந்து 40 ஆக ஏறியது. சரி, நாற்பது என்றே வைத்துக்கொள்வோம். எந்த நாற்பது? பாடத்தில் எந்தப் பகுதியைத் திரையில் பார்த்தால் போதும், எதற்கு ஆள் எதிரே நிற்க வேண்டும் என்பது சதவீதத்தில் தெரியாது. அது பிள்ளைகளுக்குத் தெரியும், கேட்டால் மடமடவென்று சொல்கிறார்கள்.

முதலில் அவர்கள் வெறுப்பது எதை என்று பார்ப்போம். லைவ் கிளாஸ். கூகுள் மீட்டில் ஒரு மணி நேரம் வாத்தியார் பேசுவது, இவர்கள் வீடியோவையும் மைக்கையும் அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது, வருகைப் பதிவு எடுக்கும்போது மட்டும் ‘ப்ரெசன்ட் சார்’ என்று ஒரு குரல் வந்துவிட்டு மறைவது. 2020 மார்ச்சில் கல்லூரியை மூடிய பிறகு எல்லோரும் இதைத்தான் செய்தோம், வேறு வழியும் இல்லை. வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன், அதில் பத்தாவது படிக்கிற தம்பிக்கும் வகுப்பு, இவனுக்கும் வகுப்பு, அப்பா வேலைக்குப் போகும்போது போனும் கூடவே போய்விடும். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி இலவச டேட்டா என்று அரசு அறிவித்தது, ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு. நல்ல காரியம்தான். டேட்டா கார்டு இருந்தும் சிக்னல் இல்லாத ஊர்க்காரன் மொட்டை மாடியைத் தேடித்தான் ஓடினான்.

ஆக, அவர்களுக்கு லைவ் கிளாஸ் பிடிக்காததற்கு அது ஆன்லைனில் நடந்தது காரணமில்லை. நேரடி வகுப்பின் கெட்ட குணத்தையும் ஆன்லைனின் கெட்ட குணத்தையும் அது ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. குறித்த நேரத்தில் இருந்தாக வேண்டும், தவறவிட்டால் போச்சு, ஆனால் எதிரே இருக்கிறவர் முகம் தெரியாது. நான் எழுதிக்கொண்டே இருப்பேன், புரிகிறதா என்று கேட்டால் மௌனம். புரியாத முகம் எப்படி இருக்கும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியும், அந்த முகத்தைப் பார்த்தால் இன்னொரு முறை சொல்வேன். கறுப்புச் சதுரங்களைப் பார்த்து எதை இன்னொரு முறை சொல்வது?

பதிவு செய்த வீடியோ பற்றிக் கேளுங்கள், அதே பிள்ளைகள் வேறு மாதிரிப் பேசுவார்கள். குறிப்பாக, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள். வகுப்பில் நான் ‘டைவர்ஜென்ஸ்’ என்று ஒரு சொல்லை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன், அவர்கள் அந்தச் சொல்லிலேயே நின்றுகொண்டிருப்பார்கள். கையைத் தூக்கி ‘சார், அது என்ன?’ என்று கேட்கக் கூச்சம். வீடியோவில் நிறுத்தலாம், பின்னுக்கு இழுக்கலாம், பக்கத்தில் இருக்கிற சிநேகிதியிடம் கேட்கலாம். தேர்வுக்கு முந்தின இரவு அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன் என்று சொல்லாத பேட்ச் இல்லை. மறுபக்கம், நன்றாகப் படிக்கிற பையன் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, ‘சார், நீங்க கொஞ்சம் இழுக்கிறீங்க’ என்கிறான். (இழுக்கிறேன்தான்.)

ஆனால் அந்த வீடியோவை மட்டும் நம்பிப் படிக்க எத்தனை பேரால் முடியும்? இங்கேதான் வீடியோவில் பாடம் நடத்தும் என்பிடெல் ஒரு நல்ல உதாரணம். 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கியது. பேராசிரியர்கள் அருமையாக நடத்துகிறார்கள், நானே சில பாடங்களுக்குத் தயாராவது அங்கேதான். வாராவாரம் அசைன்மென்ட், கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வு. அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. இப்போது கிரெடிட் கிடைக்கும் என்பதால் எங்கள் பிள்ளைகளும் பதிவு செய்கிறார்கள். நடப்பது என்ன? அசைன்மென்ட் விடைகள் வாராவாரம் டெலிகிராமிலும் யூடியூபிலும் சுடச்சுட வந்துவிடும், அந்த இருபத்தைந்தில் முக்கால்வாசி மார்க் ஒரு வீடியோகூடப் பார்க்காமல் கைக்கு வந்துவிடும். அப்புறம் தேர்வு மையத்தில் போய் முழிப்பது. இதைப் பிள்ளைகளே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள், ஒளிப்பதில்லை. கேட்க ஆள் இல்லை, கூடப் படிக்க ஆள் இல்லை, மூன்றாவது வாரத்தில் விட்டுப்போச்சு சார் என்பார்கள். ஐஐடி மெட்ராஸ் 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில்கூட பாடம் வீடியோவில்தான், ஆனால் தேர்வை மையத்துக்கு வந்துதான் எழுத வேண்டும். எங்கே ஆள் நேரில் வர வேண்டும் என்பதை அவர்கள் யோசித்து முடிவு செய்திருக்கிறார்கள்.

தேர்வு என்றதும் 2021 நவம்பர் ஞாபகம் வருகிறது. மதுரையிலும் வேறு ஊர்களிலும் மாணவர்கள் சாலைக்கு வந்து, ஆன்லைனில் பாடம் நடத்திவிட்டு நேரில் தேர்வு வைக்காதே என்று கேட்டார்கள். காப்பியடிக்கக் கேட்கிறார்கள் என்று ஊரே கேலி செய்தது. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதி, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்பிப் பழகியவர்கள் அதையே இன்னொரு முறை கேட்டார்கள். ஆனால் அவர்கள் வாதத்தின் மறுபாதியை யாரும் காதில் வாங்கவில்லை: எங்களுக்கு ஒழுங்காகப் பாடம் நடக்கவில்லை, நடந்ததாக வைத்துக்கொண்டு தேர்வு வைக்கிறீர்கள். கடைசியில் அந்த செமஸ்டர் தேர்வு 2022 பிப்ரவரியில் ஆன்லைனிலேயே நடந்தது, எல்லோரும் நிம்மதியானார்கள், பாடம் நடந்ததா என்ற கேள்வி அப்படியே கிடந்தது.

அது எங்கே வெளிப்பட்டது தெரியுமா? ஆய்வகத்தில். சோடியம் விளக்கைப் போட்டால் முதலில் இளஞ்சிவப்பாக எரியும், சூடேறிய பிறகுதான் மஞ்சளுக்கு வரும். மூன்றாம் ஆண்டுக்கு வந்த பிள்ளைகள், விளக்கு கெட்டுவிட்டது என்று அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஒளி விலகும் கோணத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தை வைத்துத் திருப்பும்போது பிம்பம் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே வந்து ஓரிடத்தில் நின்று திரும்பிப் போகும், அந்தத் திரும்புகிற இடத்தைப் பிடிப்பதுதான் பயிற்சியே. மெய்நிகர் ஆய்வகத்தில், அதாவது கணினித் திரையில் ஓடும் மாதிரி ஆய்வகத்தில், அதை மவுஸால் செய்து, பிசிறில்லாத அளவீடு எடுத்து ரெக்கார்டு எழுதி முடித்தவர்கள் அவர்கள். நிஜக் கருவியில் வெர்னியர் என்கிற நுண் அளவுகோலைப் படிக்க வரவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்க்கவே வெகுநேரம் ஆனது.

இவ்வளவு சொன்னாலும், அதே மெய்நிகர் ஆய்வகத்தை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஆய்வக நாளுக்கு முந்தின இரவு அதைப் பார்த்துவிட்டு வந்தால் எந்தத் திருகு எதற்கு என்று தெரிந்திருக்கிறது, பாதி நேரம் மிச்சம், அந்த நேரத்தில் இரண்டாவது முறை அளவெடுக்கலாம் என்று சொன்னது பிள்ளைகள்தான். எனக்கு இது தோன்றவே இல்லை, நான் அதை வெறும் கொரோனா கால ஒப்பேற்றல் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

பெண் பிள்ளைகள் சொல்வதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆன்லைன் நாட்களைக் கூட்டலாமா என்று கேட்டால் முதலில் வேண்டாம் என்பவர்கள் அவர்கள்தான். வீட்டில் இருந்தால் படிக்கிறாள் என்று யாரும் நினைப்பதில்லை, சும்மா போன் பார்க்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். மாவாட்டு, தண்ணி பிடி, தம்பிக்குச் சாப்பாடு போடு. காதில் ஹெட்போன், கையில் கரண்டி. கல்லூரி என்பது அவர்களுக்குப் பாடம் நடக்கிற இடம் மட்டும் இல்லை, காலை பஸ் ஏறியதிலிருந்து சாயங்காலம் இறங்கும் வரை அவர்களுடைய நேரம். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே படி என்றால், அந்த இரண்டு நாளில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள் சார் என்று ஒருத்தி சொன்னாள், வகுப்பே சிரித்தது. நான் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பது சதவீதம் என்று எழுதியவர்கள் இதை யோசித்திருப்பார்களா?

பையன்கள் நிலை வேறு. எங்கள் கல்லூரியில் இரண்டு ஷிப்ட். மதிய ஷிப்ட் பையன்களில் பலர் காலையில் வேலைக்குப் போகிறவர்கள். துணிக்கடை, மெடிக்கல் ஷாப், முகூர்த்த நாளில் கேட்டரிங், இப்போது உணவு டெலிவரியும். அவர்களுக்கு வீடியோ வரப்பிரசாதம். முகூர்த்த மாதத்தில் விட்ட வகுப்பை ராத்திரி பார்த்துக்கொள்ளலாம். அவர்களில் சிலர், ஆன்லைனில் பார்த்ததையும் வருகையாகக் கணக்கில் எடுங்கள் என்று கேட்கிறார்கள், 75 சதவீதம் வராமல் அபராதம் கட்டுவதே பெரிய செலவு என்கிறார்கள். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தக் கதவைத் திறந்தால் வகுப்பறை காலியாகிவிடும் என்ற பயமும் எனக்கு இருக்கிறது. அது காலியானால் அடுத்து என்ன நடக்கும் என்றும் தெரியும். அரசுக் கல்லூரிகள் நிரந்தர வேலை இல்லாத ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களை வைத்துத்தான் ஓடுகின்றன. மாணவர்கள்தான் வருவதில்லையே, வீடியோ இருக்கிறதே, இத்தனை பேர் எதற்கு என்று ஒரு கோப்பு நகர ஆரம்பிக்கும். ஆசிரியர் சங்கங்கள் கலப்பு முறை என்றதும் பதறுவது இதனால்தான், அதை வெறும் சோம்பேறித்தனம் என்று எழுதுகிற நண்பர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

பிள்ளைகளைக் கேட்டு அடுத்த செமஸ்டருக்கு நான் முடிவு செய்திருப்பது இது. வகுப்பு நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையாது. வெப்ப இயக்கவியலில் ஒவ்வொரு தலைப்புக்கும் தமிழில் பேசி ஒரு சின்ன வீடியோ, வகுப்புக்கு முந்தின வாரமே வாட்ஸ்அப் குழுவில். போனில் இடம் அடைக்காத அளவில் வேண்டும் என்பது அவர்கள் போட்ட முதல் நிபந்தனை, பத்து நிமிடத்துக்கு மேல் போனால் பார்க்க மாட்டோம் என்பது இரண்டாவது. வகுப்பில் நான் கரும்பலகையில் தேற்றத்தை எழுதிக்கொண்டிருக்கப் போவதில்லை, கணக்குப் போடுவோம், அவர்கள் போடுவதை நான் பெஞ்ச் பெஞ்சாகப் போய்ப் பார்ப்பேன். தேர்வு கல்லூரியில், பேப்பரில். வருகைப் பதிவில் இப்போதைக்குக் கை வைக்கவில்லை. பார்க்காமல் வருகிறவர்களை என்ன செய்வது என்று அவர்களையே கேட்டேன், முதல் பத்து நிமிடம் பார்த்தவங்க பார்க்காதவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் சார், ரெண்டு வாரத்துல வெட்கப்பட்டுப் பார்த்துடுவாங்க என்றார்கள். பார்க்கலாம்.

இதைப் படிக்கிற ஆசிரிய நண்பர்கள் யாராவது ஏற்கெனவே இப்படிச் செய்திருந்தால் ஒரு உதவி. வெப்ப இயக்கவியலில் வரும் என்ட்ரோபி என்கிற தலைப்பைப் பத்து நிமிடத்துக்குள் எப்படி முடித்தீர்கள்? மூன்று முறை பதிவு செய்துவிட்டேன், இருபத்திரண்டுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது.