இன்ஃபிளேமபிள் என்றால் ‘தீப்பற்றாது’ என்பது பிழை

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் சாதாரண தரப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுக்களில் ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்று சுற்றுகிறது. அதில் ஒரு வரி: “ஃபிளேமபிள் தீப்பற்றும், இன்ஃபிளேமபிள் தீப்பற்றாது.”

இது பிழை. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: எளிதில் தீப்பற்றக்கூடியது. ஒக்ஸ்போர்ட், மெரியம்-வெப்ஸ்டர், எந்த அகராதியிலும் பார்க்கலாம்.

குழப்பம் அந்த ‘இன்’னால் வருகிறது. ‘இன்கரெக்ட்’டில் அது ‘அல்லாத’ என்று பொருள் தரும், சரி. இங்கே அப்படியல்ல. தீமூட்டுவதைக் குறிக்கும் ‘இன்ஃபிளமாரே’ என்ற லத்தீன் வினையிலிருந்தே சொல் வந்தது. சொல்லப்போனால் இரண்டில் மூத்தது இன்ஃபிளேமபிள்தான். ஆங்கிலம் பேசுகிறவர்களே தடுமாறியதால், 1920களில் அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் ‘ஃபிளேமபிள்’ என்றே எழுதும்படி கேட்டது. தீப்பற்றாததற்குச் சொல் ‘நொன்-ஃபிளேமபிள்’.

பரீட்சையில் ஒரு புள்ளி போனால் போகட்டும். கல்லடியில் ஹாட்வெயார் கடைக்குப் போனால் தின்னர் டின்னைத் திருப்பிப் பாருங்கள்; சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீச்சுவாலை இருக்கும். பக்கத்தில் இன்ஃபிளேமபிள் என்றிருப்பதை நம்பி அதை அடுப்படியில் வைத்தால்?

அந்தப் பட்டியலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.