கத்தரிக்குள் கத்தி இருக்கிறதா?

"கத்தி + அரி = கத்தரி. கத்தியாய் அரிவதால் கத்தரி." இந்த வாரம் மட்டும் மூன்று வாட்ஸப் குழுக்களில் இந்தப் படம் வந்துவிட்டது. ஒன்றில் அனுப்பியது என் சித்தப்பா. அதனால் அங்கே வாயைத் திறக்கவில்லை, இங்கே கொட்டித் தீர்க்கிறேன்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அரி என்றால் அறுப்பது, அரிவாளிலேயே இருக்கிறதே. ஆனால் வடமொழியில் கத்தரிக்கோலுக்குப் பெயரே கர்த்தரி. வெட்டு என்று பொருள்படும் 'க்ருத்' என்ற வேரில் பிறந்தது. பிராகிருதம் என்ற பழைய வடஇந்தியப் பேச்சுமொழியின் வாயில் 'ர்த்த' நுழைந்தால் 'த்த' ஆகிவிடும். அப்புறம் கத்தரிதானே? கன்னடத்தில் கத்தரி, தெலுங்கில் கத்தெர, மலையாளத்தில் கத்ரிக. கத்தி வேறு வீட்டுப் பிள்ளை, திராவிடச் சொல். முகஜாடையை வைத்து இரண்டையும் உடன்பிறப்பாக்கிவிட்டோம்.

கத்திரி வெயிலைப் பாருங்கள். சூரியன் பரணியின் பிற்பகுதியில் தொடங்கி, கார்த்திகையைக் கடந்து, ரோகிணியின் முதல் பாதம் தாண்டும்வரை, ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. தெலுங்குப் பஞ்சாங்கத்தில் இந்த நாள்களுக்கு இன்றும் கர்த்தரி என்றே பெயர். ஜாதகத்தில் ஒரு வீட்டுக்கு இருபுறமும் பாவக் கிரகங்கள் நின்றால் பாபகர்த்தரி. இரண்டு அலகுக்கு நடுவே மாட்டிய துணி மாதிரி. பரதத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்துப் பிடிக்கும் கர்த்தரீமுகம், காதலர் பிரிவைக் காட்டும் முத்திரைகளில் ஒன்று.

கத்தரிக்காயை இந்த வம்புக்கு இழுக்க வேண்டாம். அதற்கு வழுதுணங்காய் என்று தனிப் பெயரே இருந்தது. ஔவையார் பாட்டில் வரகரிசிச் சோற்றோடு வருவது அதுதான்.

சரி, கடன் வாங்கிய சொல்தான். அதில் என்ன குறைந்துபோனோம்? கத்தரித்தான், கத்தரிப்பான் என்று வினையாக்கி, எழுதுகோல், திறவுகோல் வரிசையில் ஒரு கோலையும் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம். பட்ஜெட்டுக்கும் சினிமாவுக்கும் 'கத்திரி போடுவது' இதே கருவியால்தான். கத்தரியா கத்திரியா என்று சண்டை போடுகிறவர்களுக்கு: நான் எழுதினால் கத்தரி, பேசினால் கத்திரி. இரண்டும் வெட்டும்.

வெறும் கத்தரிக்கோலைச் சும்மா ஆட்டினால் வீட்டில் சண்டை வரும் என்று அம்மா கையிலேயே போடுவார். நல்லவேளை, சித்தப்பாவுக்கு முகநூல் கணக்கு கிடையாது.