சைக்கிளில் பாட்டு: ரோட்டில் வேண்டாம், வீட்டு ட்ரெய்னரில் தாராளமாக

ஞாயிறு விடிகாலை ஈ.சி.ஆரில் கோவளம், மாமல்லபுரம் பக்கம் போகிறவர்களில் பலர் ஹெல்மெட், முன் விளக்கு, பின் விளக்கு, ஒளிரும் ஜாக்கெட் எல்லாம் சரியாக மாட்டிக்கொண்டு, கடைசியில் இரண்டு காதையும் இயர்பட்ஸால் அடைத்துக்கொள்கிறார்கள். கேட்டால், "வால்யூம் கம்மியாத்தான் வெச்சிருக்கேன்", "ஒரு காதுலதானே போட்டிருக்கேன்" என்று பதில் வரும். இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. நீங்கள் 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், பின்னால் கார் 80-ல் வருகிறது. வித்தியாசம் மணிக்கு 55 கி.மீ., நொடிக்கு ஏறக்குறைய 15 மீட்டர். அதன் டயர் சத்தம் 60 மீட்டரில் காதில் விழுந்தால் கையில் 4 நொடி இருக்கிறது. முன்னால் இருக்கும் பள்ளத்தை வலப்பக்கமாகச் சுற்றலாமா, பிரேக் பிடித்து அதிலேயே இறங்கலாமா என்று முடிவெடுக்க அது போதும். பாட்டு ஓடுவதால் அதே சத்தம் 20 மீட்டரில்தான் கேட்கிறது என்றால் 1.3 நொடிதான். திரும்பிப் பார்ப்பதற்கே அது சரியாகிவிடும்.

அடுத்து ஒரு காது விஷயம். நெதர்லாந்தில் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் டிக் டி வார்ட் குழு 2011-ல் வெளியிட்ட ஆய்வில், பாட்டு கேட்டபடி ஓட்டியவர்களின் செவிப்புலன் மந்தப்பட்டது. காதுத் துளைக்குள் இறுக்கமாக நுழையும் வகைதான் அதிகம் கெடுத்தது. ஒரு காதில் மட்டும் சாதாரண இயர்பட் போட்டவர்களுக்கு அந்தப் பாதிப்பு தெரியவில்லை. இதைக் காட்டித்தான் பலர் வாதாடுகிறார்கள். ஆனால் சத்தம் கேட்பது ஒன்று, அது எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரிவது வேறொன்று. இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்தில் உள்ள வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. அதையும், ஒலி எந்தக் காதில் பலமாக விழுகிறது என்பதையும் வைத்துத்தான் மூளை திசையைப் பிடிக்கிறது. ஒரு காதை அடைத்தால் அந்த ஒப்பீடு குலைந்துவிடும். ஹாரன் கேட்கும், லாரி வலப்பக்கமா, பக்கத்துத் தெருவிலிருந்தா என்று தெரியாது. கேட்டே ஆவேன் என்பவர் இடது காதிலாவது போடுங்கள். நம் ஊரில் வண்டிகள் வலப்பக்கமாகத்தான் முந்தும், வலது காது திறந்தே இருக்க வேண்டும்.

"காது கேளாதவர்கள் சைக்கிள் ஓட்டவில்லையா?" என்ற கேள்வி நியாயமானது. ஓட்டுகிறார்கள், நன்றாகவே ஓட்டுகிறார்கள். அவர்கள் கண்ணாடி வைத்து, அடிக்கடி தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, கண்ணால் செய்கிறார்கள். இயர்பட்ஸ் போடுபவர் அந்தப் பழக்கம் எதையும் சேர்த்துக்கொள்ளாமல் காதை மட்டும் மூடுகிறார். அதோடு பாட்டு கவனத்தில் ஒரு பங்கையும் எடுத்துக்கொள்கிறது.

வால்யூம் கதைக்கு வருவோம். சைக்கிளில் காதைச் சுற்றும் காற்றின் இரைச்சலே பெரிது. காற்றுச் சுரங்கத்தில் அளந்தபோது மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் சுமார் 85 டெசிபல், 96 கி.மீ.யில் 120 டெசிபல் வந்தது. வீட்டில் கம்மியாக வைத்த வால்யூம் ரோட்டில் கேட்காது. தன்னையறியாமல் கூட்டுவோம். 85 டெசிபலை ஒரு நாளில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியாஷின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 91 டெசிபலுக்கு 2 மணி நேரம்தான். 100 கி.மீ. போய்வர 4 மணி நேரம் ஆகும் என்றால் வரம்பைப்போல் இரண்டு மடங்கு.

இரைச்சலை அடக்கும் இயர்பட்ஸும் இதற்குத் தீர்வாகாது. அதன் மைக்கில் காற்று மோதினால் குபுகுபுவென்று தனி இரைச்சல் கிளம்பும். ஷாக்ஸ் நிறுவனத்தினுடையது போல எலும்பு வழியாக ஒலி கடத்தும் ஹெட்செட் காதுத் துளையை மூடாது என்பதால் இருப்பதில் பரவாயில்லை. ஆனாலும் பாட்டும் ரோட்டுச் சத்தமும் கடைசியில் ஒரே உட்காதுக்குத்தான் போகின்றன. ஓங்கிய பாட்டு மெல்லிய டயர் சத்தத்தை அங்கேயும் விழுங்கும். வழி சொல்லும் குரலுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

காற்று இரைச்சலைக் குறைப்பதுதான் உண்மையில் உதவும், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தலையைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள், இரைச்சல் சட்டென்று மாறும். காதும் அதற்கு முன்னால் ஓடும் ஹெல்மெட் வாரும் காற்றைக் கலைப்பதால் வருவது அது. முன் வாரில், காதுக்கு நேர் முன்னே, 8 முதல் 10 செ.மீ. நீளத்துக்கு மெல்லிய கம்பளித் துணியைச் சுற்றி வெல்க்ரோவால் ஒட்டுங்கள். துளையை மூடக் கூடாது. இரண்டு வாரும் சேரும் கொக்கி காது மடலுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். வார் தொளதொளவென்று இருந்தால் படபடத்தே காதைக் கொல்லும். இதைச் செய்தால் பின்னால் வரும் வண்டி முன்பைவிடத் தெளிவாகக் கேட்கும்.

காற்று இரைச்சலைக் குறைக்கக் காதில் செருகும் இயர்பிளக்கில் இரண்டு வகை. உருட்டி நுழைக்கும் ஃபோம், பெட்டியில் அச்சிட்டிருக்கும் கணக்குப்படி 30 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். அதிலும் மெல்லிய, கூர்மையான ஒலிகளைத்தான் அதிகம் தின்னும். சைக்கிள் மணி, டயரின் சீறல் போய்விடும், லாரி எஞ்சினின் உறுமல் மட்டும் மிஞ்சும். கூடவே உங்கள் மூச்சும் ரோட்டின் அதிர்வும் தலைக்குள் முழங்கும். ரோட்டுக்கு அது வேண்டாம். ஃபில்டர் வைத்த வகை எல்லா ஒலியையும் ஓரளவு சமமாக, 10 முதல் 20 டெசிபல் குறைக்கும். நீண்ட இறக்கத்தில் காது வலிப்பவர்கள் இதை யோசிக்கலாம். வாங்கியதும் ஒரு சோதனை: காலி மைதானத்தில் கண்ணை மூடி நில்லுங்கள், நண்பர் பின்னாலிருந்து இடம், வலம் மாற்றி மாற்றி சைக்கிளை உருட்டிக்கொண்டு வரட்டும். பத்து முறையில் ஒருமுறை பக்கம் தவறினாலும் அதை ரோட்டில் போடாதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மறைவில் வரும் பேருந்தை முதலில் காட்டிக்கொடுப்பது ஹாரன்தான், அங்கே எதுவுமே வேண்டாம்.

குழுவாக ஓட்டும்போது காது செய்யும் வேலையைச் சொல்லி மாளாது. முன்னவரின் பின்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் அரை மீட்டர்கூட இருக்காது. அவர் மிதிப்பதை நிறுத்தினால் பிரேக் பிடிப்பதற்கு முன்பே பின்சக்கரத்தின் ஃப்ரீவீல் டிக்டிக்கென்று சத்தம் போடும். உங்களுக்கு அதுதான் முதல் எச்சரிக்கை. கண் அதற்கு அப்புறம்தான் பார்க்கும். ரேஸில் பக்கத்தில் 'டக், டக்' என்று அடுத்தடுத்து இரண்டு கியர் விழுந்தால் யாரோ பாயப் போகிறார் என்று அர்த்தம். உங்கள் வண்டியே பேசும். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'ஸ்ஸ்' என்றால் ட்யூப்லெஸ் டயரில் ஓட்டை, உள்ளே ஊற்றிய அடைப்புத் திரவமான சீலன்ட் வெளியேறுகிறது. ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தை நிறுத்தினால் பெரும்பாலும் அடைத்துக்கொள்ளும். நின்று மிதிக்கும்போது ஒரே இடத்தில் 'டிங்' என்றால் ஸ்போக் தளர்ந்திருக்கலாம். பாட்டு ஓடினால் இதெல்லாம் சக்கர வளையம் தரையைத் தொட்ட பிறகுதான் தெரியவரும்.

ரேஸ் விதிகளும் தெளிவாகவே இருக்கின்றன. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிகளின் அமைப்புகளான வேர்ல்ட் ட்ரையத்லான், அயர்ன்மேன் இரண்டும் ஹெட்ஃபோனைத் தடை செய்திருக்கின்றன, 2019-ல் தொடங்கிய அயர்ன்மேனின் கோவா 70.3 போட்டியின் 90 கி.மீ. சைக்கிள் பகுதிக்கும் அதே விதிதான். பிரான்ஸில் 2015 ஜூலை 1 முதல் சாதாரண ரோட்டிலேயே இயர்ஃபோனுக்கு 135 யூரோ அபராதம். "தொழில்முறை வீரர்கள் காதில் வைக்கிறார்களே" என்பவர்களுக்கு: அது அணியின் ரேடியோ, ஒரு காதில் மட்டும். 2009 டூர் டி பிரான்ஸின் 10-ஆம் கட்டத்தில் அதைத் தடை செய்தபோது வீரர்கள் மெதுவாக ஓட்டி எதிர்ப்புக் காட்டினார்கள். ரோட்டின் ஆபத்து முன்கூட்டித் தெரியாது என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ரோட்டைப் பற்றிச் சொல்வதற்காகக் காதில் வைப்பதையும், ரோட்டை மறக்க வைப்பதையும் ஒன்றாக்காதீர்கள்.

ரேஸில் பாட்டால் பலனும் குறைவுதான். லண்டன் புரூனெல் பல்கலைக்கழகத்தின் காஸ்டஸ் காரகியோர்கிஸ் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்திருக்கிறார். மிதமான உழைப்பில் களைப்பு உணர்வை இசை நன்றாகவே குறைக்கும். மூச்சு வாங்கும் கட்டத்தைத் தாண்டினால் உடம்பின் கூச்சலை மீறி அது உள்ளே போவதில்லை. ரேஸில் நீங்கள் இருப்பது அந்த இடத்தில்தான்.

ஆனால் சைக்கிளை மாட்டி வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் ட்ரெய்னரில் பாட்டு அருமையான துணை. நிமிடத்துக்கு 90 சுற்று மிதி என்றால் 90 அல்லது 180 அடி தாளமுள்ள பாட்டாக எடுங்கள், கால் தானாகத் தாளத்தில் விழும். 2012-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், தாளத்தோடு சேர்ந்து மிதித்தபோது, தாளம் மெதுவாக இருந்ததைவிட சுமார் 7 சதவீதம் குறைவான ஆக்சிஜனே செலவானது. உடம்பைச் சூடேற்ற மெதுவான பாட்டு, 4 நிமிட இன்டர்வலுக்கு (இடைவெளி விட்டுச் செய்யும் கடும் மிதிப்புக்கு) 4 நிமிடப் பாட்டு என்று வரிசையாக்கினால் கடிகாரத்தையே பார்க்க வேண்டாம். ஃபேன் சத்தத்துக்கு மேல் வால்யூமை ஏற்றாமல், ஃபேனை முன்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்து ஸ்பீக்கரில் கேட்பது நல்லது.

இயர்பட்ஸ்தான் வேண்டும் என்றால் வியர்வை தாங்கும், குறைந்தது ஐ.பி.எக்ஸ்.4 தரமுள்ளதை வாங்குங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரம் அடைத்த காது ஊறிப்போய்ப் பூஞ்சை பிடிக்கலாம். முடித்ததும் சிலிக்கான் முனையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். காதைத் துண்டின் நுனியால் வெளியே மட்டும் துடைத்தால் போதும், பட்ஸ் குச்சியை உள்ளே விட்டுக் குடையாதீர்கள்.