வாங் கிராமத்தார் விற்ற கோயில்

போலந்தின் கார்பாச் மலையூரில் உள்ள அந்தக் கறுத்த கிறிஸ்தவ மரக்கோயிலின் படம் மாதத்துக்கு ஒரு தடவையாவது என் கண்ணில் பட்டுவிடுகிறது. அடுக்கடுக்கான கூரை, கூரை முனையில் டிராகன் தலை, சுற்றிலும் பனி. கீழே எப்போதும் ஒரே கதைதான். நார்வேயின் ஏதோ ஒரு கிராமத்தார் அருமை தெரியாமல் விற்ற கோயிலை பிரஷ்யா என்ற அன்றைய ஜெர்மானிய நாட்டின் மன்னர் வாங்கிக் காப்பாற்றினாராம். உடனே பின்னூட்டத்தில் அந்தக் கிராமத்தாருக்கு அர்ச்சனை ஆரம்பமாகிவிடும். எப்போதோ செத்துப்போனவர்களைத் திட்டுவது சுலபம்தான். அவர்கள் பக்கம் யாராவது பேச வேண்டாமா?

அந்தக் கிராமத்தின் பெயர் வாங். வால்ட்ரெஸ் பள்ளத்தாக்கில் இருக்கிறது. கோயில் எழும்பி சுமார் 800 வருடம் ஆகிறது. இந்த வகைக் கோயில்களுக்கு 'ஸ்தாவ்' கோயில் என்று பெயர். நட்டுக்குத்தாக நிற்கும் தூணைத்தான் அங்கே ஸ்தாவ் என்கிறார்கள். முதலில் தூண்களை நேராக மண்ணில் புதைத்துத்தான் கட்டினார்கள். ஈரம் ஏறி அடி அழுகியது. அப்புறம்தான் கல்லை அடுக்கி, அதன்மேல் கனமான அடிச்சட்டத்தைக் கிடத்தி, தூணை அதன்மேல் நிறுத்தினார்கள். அடிச்சட்டத்தில் காடி வெட்டி, சுவர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக நெட்டுக்குத்தாகச் செருகினார்கள். மரம் மண்ணைத் தொடவே இல்லை. மற்ற எல்லாச் சாமர்த்தியமும் இதற்கு அப்புறம்தான்.

ஆனால் உள்ளே இடம் கிடையாது. இடைக்காலத்தில் மக்கள் பெரும்பாலும் நின்றபடியே வழிபட்டார்கள். 1537இல் நார்வே கத்தோலிக்கத்தை விட்டு லூத்தரன் என்ற புராட்டஸ்டண்ட் வழிக்குப் போனதும் பிரசங்கம் நீண்டது, உட்காரப் பெஞ்சு வந்தது, இருந்த இடமும் குறைந்தது. 1801இல் சுமார் 8.8 லட்சமாக இருந்த நார்வேயின் மக்கள்தொகை 1845இல் 13 லட்சத்தைத் தாண்டிவிட்டது. வாங் சபைக்குப் பெரிய கோயில் தேவைப்பட்டது, கட்டினார்கள். கூட்டம் கொள்ளாத, பழுதுபட்ட பழைய கட்டடத்தை 1841இல் ஏலம் விட்டார்கள். இதில் என்ன குற்றம் கண்டோம்? பத்தே வருடத்தில், சபையாரில் பத்தில் மூன்று பங்கினருக்காவது கோயிலில் இடம் இருக்க வேண்டும் என்று அரசாங்கமே 1851இல் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தால் இடிபட்ட மரக்கோயில்கள் ஏராளம். ஒரு காலத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்தவற்றில் இன்று நார்வேயில் மிஞ்சியிருப்பது 28.

ஏலம் எடுத்தவர் ஓவியர் ஜே.சி. டால். பெர்கனில் பிறந்தவர், டிரெஸ்டனில் பேராசிரியர். இந்தக் கோயில்களின் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர்; 1837இலேயே இவற்றைப் பற்றி ஜெர்மன் மொழியில் படங்களோடு நூல் போட்டார். வாங் கோயிலை நார்வேயிலேயே வைத்திருக்கத்தான் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்முக்காக வாங்கினார். ஷியெர்ட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் போய் அளந்து, வரைந்து, பிரித்து மூட்டை கட்டினார். கப்பலில் ஸ்டெட்டின், அங்கிருந்து பெர்லின். மன்னர் அதை ஒரு பூங்காத் தீவில் அலங்காரமாக நிறுத்த நினைத்திருந்தார். அவ்வளவு தூரம் கொண்டுவந்து, தோட்டத்துப் பொம்மையாக!

அந்தக் கூத்து நடக்காமல் போனதற்கு அன்று பிரஷ்யாவிடம் இருந்த சைலீசியாவின் சீமாட்டி ஃபிரெடெரிக்கே ஃபான் ரேடன்தான் காரணம். தம் பக்கத்து மலையூரில், அதாவது இன்றைய கார்பாச்சில், லூத்தரன் சபையார் கோயில் இல்லாமல் இருக்கிறார்கள், அங்கே கொடுங்கள் என்று கேட்டார். 1842இல் மரங்கள் மலையேறின. 1844 ஜூலை 28 அன்று மன்னர் முன்னிலையில் பிரதிஷ்டை நடந்தது. மன்னரை அல்ல, இந்த அம்மாவைத்தான் நான் மெச்சுவேன்.

"அதில் பழைய மரம் எவ்வளவு?" என்று சிலர் மடக்குவார்கள். கொஞ்சம்தான். செதுக்கு வேலை நிறைந்த வாசல் நிலைகளும் சில தூண்களும் பழையவை. மீதி பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டுத் தச்சர்களின் கைவேலை. பக்கத்திலுள்ள கல் கோபுரம் முழுக்கப் புதிது. ஷ்னியேஷ்கா சிகரத்திலிருந்து இறங்கும் காற்றைத் தடுக்கிறது. இது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. 1945க்குப் பின் சைலீசியா போலந்துக்குப் போனது. ஜெர்மானியச் சபையார் வெளியேற வேண்டியிருந்தது, போலந்து லூத்தரன்கள் வந்தார்கள். வழிபாடு இன்றும் நடக்கிறது. சபையும் மொழியும் மாறிய பிறகும் அது கோயிலாகவே இருக்கிறது. 1880களில் ஓஸ்லோவின் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போய்ச்சேர்ந்த கோல் கோயில் வாங்கைவிட அழகாகக்கூட இருக்கலாம். ஆனால் அங்கே போகிறவர்கள் பார்வையாளர்கள், சபையார் அல்ல.

இன்னொன்று. 'காப்பாற்றினார்கள்' என்று ஒரே நாளில் முடிந்த காரியம்போல எழுதுகிறோமே, மரக்கோயில் அப்படி நிற்பதில்லை. நார்வேக் கோயில்களின் கறுப்பு நிறம் பைன் மரத் தார். பிசின் ஊறிய வேர்களையும் அடிக்கட்டைகளையும் மண்மூட்டத்துக்குள் புகையவிட்டு வடிப்பது. சில வருடத்துக்கு ஒருமுறை கூரையிலும் சுவரிலும் பூசியே ஆகவேண்டும். வெயில் படும் தெற்குச் சுவரில் அது உருகி ஒழுகும். தொட்டால் கையில் ஒட்டும். இத்தனை நூற்றாண்டு சட்டியும் தூரிகையுமாக ஏணியில் ஏறிய ஊர்க்காரர்களின் பெயர் எந்தப் படத்தின் கீழும் வராது. வாங் கிராமத்தாரும் விற்பதற்கு முன்னால் அறுநூறு வருடத்துக்கு மேல் அந்தக் கோயிலை வைத்துப் பராமரித்தவர்கள்தானே?

கோயில் போனாலும் அதன் பக்கத்தில் நின்ற, ரூனிக் என்ற பழைய வடஐரோப்பிய எழுத்தில் வெட்டிய கல்வெட்டை வாங் விடவில்லை. ஆளுயரத்தைத் தாண்டிய அந்தப் பலகைக் கல் இன்று புதிய கோயிலின் வெளியே நிற்கிறது. அண்ணன் தம்பிகள் சேர்ந்து, தங்கள் சகோதரனின் மகன் குன்னாரின் நினைவாக நட்டது என்று அதன் ஓரத்தில் வெட்டியிருக்கிறது.