செவ்வாய்க்கிழமைக் கூட்டம்

2018 மார்கழி வெள்ளத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டார்கள். விடியும்போது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனையோ ஊர்கள் தண்ணீருக்குள் நின்றன. எங்கள் சனம் பள்ளிக்கூடத்துக்கு ஏறியது. ஒன்பது மணிக்கெல்லாம் கோயில் கிடாரத்தை யாரோ உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அரிசி யார் வீட்டுடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. விறகு நனைந்துபோய் எரிய மறுத்தது. ஒரு அக்கா மதிலோரம் கிடந்த பழைய சைக்கிள் ரியூப்பைத் துண்டு துண்டாக வெட்டி அடுப்புக்குள் போட்டு மூட்டினார். கண்ணெல்லாம் கரும்புகை. மூன்று நாளும் அகப்பை அவர் கையில்தான் இருந்தது. அவருடைய வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

அந்த அக்கா கடன் எடுத்துக் கச்சான் போட்டிருந்தார். வெள்ளம் கச்சானையும் கொண்டுபோனது, கோழிகளையும் கொண்டுபோனது. கடன் மட்டும் மிஞ்சியது. நுண்கடன் எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். ஐந்து பெண்களை ஒரு குழுவாகச் சேர்ப்பார்கள். ஒருவருக்கு மற்ற நால்வரும் பிணை. கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டம். எங்கள் ஊரில் அது செவ்வாய்க்கிழமை. ஒருத்தியிடம் காசு குறைந்தால் மற்றவர்கள் போட்டு நிரப்ப வேண்டும். முழுக்காசும் சேரும்வரை ஒருவரும் எழும்ப முடியாது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து பசியோடு படலையில் நிற்கும், தாய்மார் பாயில் குந்திக்கொண்டிருப்பார்கள். அந்தக் குறையை நிரப்ப இன்னொரு கொம்பனியில் கடன், அதைக் கட்ட மூன்றாவது.

ஒரு செவ்வாய்க்கிழமை வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் விழுந்தது: "கட்ட வக்கில்லாதவள் ஏன் எடுத்தவள்?"

சொன்னவர் காசு வாங்க வந்த கொம்பனித் தம்பி இல்லை. வெள்ளத்தின்போது அதே அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்த பெண். அவரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர் வீட்டுப் பால்மாக் காசும் அந்தக் கொப்பிக்குள் போனது. ஆனால் நான் உள்ளே போகவில்லை. படலையைச் சாத்திவிட்டு வந்து கிணற்றடியில் நின்றேன். அது என் நெஞ்சில் இன்னும் கிடந்து குத்துகிறது.

வெள்ளத்தில் வந்தவரிடம் "பள்ளக் காணியில் ஏன் வீடு கட்டினாய்?" என்று யாரும் கேட்டோமா? 2004 மார்கழியில் கடல் முல்லைத்தீவை அடித்துக்கொண்டு போனபோது ஒருவரையும் விசாரித்தா சோறு போட்டோம்? 2009இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும், கிடைத்தால் உப்பும் போட்ட கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களிடம் நீ யார், என்ன செய்தாய் என்று கேட்கவில்லை. அதைத்தான் ஒவ்வொரு மே மாதமும் சிரட்டையில் ஊற்றி நினைவுகூர்கிறோம். ஆனால் கடன் என்று வந்தவுடன் நாங்களே நீதவான் ஆகிவிடுகிறோம். தண்ணீர் எல்லோர் வீட்டுக்குள்ளும் வருகிறது, கடன் ஒரு வீட்டுப் படலையில்தான் வந்து நிற்கிறது. அதனால் அது அந்த வீட்டின் வெட்கமாகிவிடுகிறது.

"விரும்பித்தானே எடுத்தார்கள்" என்பார்கள். சரி, யோசித்துப் பாருங்கள். யுத்தம் முடிந்தபோது அடைத்து வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில் இருந்து ஒரு தறப்பாளோடு திரும்பி வந்த சனம் இது. நகை இல்லை. பல வீடுகளில் உழைக்க ஆண் இல்லை, இருந்தாலும் உடம்புக்குள் குண்டுச்சிதறல். வங்கிக்குப் போனால் காணி உறுதி கேட்பார்கள், சம்பளக்காரர் இரண்டு பேரைப் பிணைக்குக் கேட்பார்கள். கொம்பனியோ மோட்டார் சைக்கிளில் முற்றத்துக்கே வந்தது. யுத்தத்தில் இழந்ததைக் கிழமைக்கணக்கில் வட்டியோடு கட்டிக்கொண்டிருப்பதை ஒரு பெண்ணின் ஊதாரித்தனம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குட்பட்ட நுண்கடனை இரத்துச் செய்வதாக அரசே அறிவித்தது. நடப்பது அநியாயம் என்று கொழும்புக்கே விளங்கியிருக்கிறது. பக்கத்து வளவுக்கு விளங்கவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரையும் இப்படித்தான் விட்டோம். 2017 மாசி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் பிள்ளைகளைக் கேட்டு அவர்கள் போராட்டத்தில் குந்தியபோது முதல் நாட்களில் எவ்வளவு சனம்! நானும் போனேன். பிறகு பேருந்தில் போகும்போது அவர்களுடைய போராட்டக் கொட்டிலைத் திரும்பிப் பார்த்ததோடு சரி. பிள்ளையின் படத்தைப் பிடித்தபடியே எத்தனையோ பேர் செத்துப்போனார்கள். ஒருநாள் அழிவுக்கு ஓடி வரத் தெரிந்த எங்களுக்கு, நாள்தோறும் நடக்கும் அழிவுக்குப் பக்கத்தில் இருக்கப் பொறுமை இல்லை. இதைச் சொல்ல எனக்கு உரிமை குறைவு என்று தெரியும். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

அந்த அக்கா கடைசியில் மாட்டை விற்று, தண்ணீர் இறைக்கும் மோட்டாரையும் விற்றுக் கடனைக் கட்டி முடித்தார். யாரோடும் அதிகம் பேச மாட்டார். போன மாதம் ஊரில் இன்னொரு பிள்ளைக்கு அதே நிலைமை. இரண்டு சின்னக் குழந்தைகள், புருஷன் கடலுக்குப் போய் வருகிறவர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா சுருட்டிய பாயொன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் படலையடியில் நின்றார்.

"வாறியோ? அந்தப் பிள்ளை தனிய இருக்கும்."

போனேன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் அன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் பேசியவர். பாயில் சும்மா இருந்தோம், சத்தம் போடவில்லை. காசு வாங்க வந்த தம்பி எங்களைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார். பிள்ளையிடம் இருந்த ஆயிரத்து ஐந்நூறை மட்டும் எழுதிக்கொண்டு, மிச்சம் அடுத்த கிழமை என்று சொல்லி எழும்பினார். அக்கா அடுப்படிக்குப் போய் எல்லோருக்கும் பிளேன்ரீ ஊற்றினார், அந்தத் தம்பிக்கும் சேர்த்து.