எல்லா தீசிஸிலும் ஏன் கச்சிதமாக 100 நோயாளிகள்?

சென்னையில் ஏதாவது ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் எம்.டி., எம்.எஸ். மேற்படிப்பு தீசிஸ் (ஆய்வேடு) அலமாரியைத் திறந்து பாருங்கள். 100 பேர், 50 பேர், மறுபடியும் 100 பேர். நோய் என்ன எண்ணிப் பார்த்தா வருகிறது?

ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை என்று சொல்லும் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: 4 பி க்யூ, வகுத்தல் டி ஸ்கொயர். பி என்பது பாதிப்பு உள்ளவர்களின் சதவீதம், க்யூ இல்லாதவர்களின் சதவீதம், டி நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை. ஒரு பாதிப்பு 20 சதவீதம் பேருக்கு இருக்கிறது, பிழை 5 சதவீதத்துக்குள் வேண்டும் என்றால் 4 × 20 × 80 ÷ 25 = 256 பேர் தேவை. "256-ஆ? எங்கே போய்ப் பிடிப்பே? டி-யை 8 ஆக்கு" என்பார்கள். முடிந்தது, 100 வந்துவிட்டது. அந்த 8 எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் விடை 12 சதவீதத்திலிருந்து 28 சதவீதத்துக்குள் எங்கோ இருக்கும். அதை வைத்து எந்த வார்டுக்கு எத்தனை படுக்கை போடுவீர்கள்?

மேற்படிப்பு படிக்கும் டாக்டர்களான பி.ஜி.க்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்கிறவர்களைக் கண்டால்தான் வயிறு எரிகிறது. கணக்குப் போடுங்கள். மொத்தம் 36 மாதம். தலைப்பு, ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி, திருத்தம், மறுபடி கமிட்டி என்று முதல் 6 மாதம் போய்விடும். தேர்வுக்கு 6 மாதம் முன்பே தீசிஸ் கொடுத்தாக வேண்டும். மாவட்ட மருத்துவமனைப் பணி 3 மாதம். மிச்சம் 21. அதிலும் ஓ.பி., வார்டு, நைட் டியூட்டி போகத்தான் ஆராய்ச்சி. பி.ஜி.க்களுக்கு வாரம் 48 மணி நேர வேலை என்று 1992-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. அது எந்தத் துறையின் டியூட்டி சார்ட்டில் இருக்கிறது, காட்டுங்கள்!

ஆய்வில் சேர நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் இன்னும் கொடுமை. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்த தமிழ், படிக்கிற நமக்கே புரியாது. கைநாட்டு வைப்பவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி வேண்டும். நள்ளிரவு காஷுவால்டியில் யாரைத் தேடுவது? பக்கத்தில் நிற்கும் சி.ஆர்.ஐ., அதாவது பயிற்சி டாக்டர், கையெழுத்துப் போடுகிறார்.

புள்ளியியல் நிபுணரை முதன்முதலாகப் பார்ப்பது எப்போது? எல்லாத் தகவலும் சேர்த்து முடித்த பிறகு, பைண்டிங்குக்குக் கொடுக்கப் பத்து நாள் இருக்கும்போது! எல்லா நோயாளிகளின் தகவலும் உள்ள மாஸ்டர் சார்ட்டில் வயதுக் கட்டத்தில் '45 வருடம்' என்று எழுத்தும் எண்ணும் கலந்து கிடக்கும். எடுக்காத டெஸ்டுக்கு 0 போட்டிருக்கும். அந்த 0 சராசரியையே கீழே இழுத்துவிடும். அதற்கு மேல் "பி வேல்யூ வர்ற மாதிரி பாருங்க சார்" என்று, அதாவது முடிவு தற்செயல் இல்லை என்று காட்டும்படி எண் வரவேண்டும் என்று, கெஞ்சல். இதற்கு அவர் என்ன செய்வார்?

சென்னை ஆயப்பாக்கத்திலுள்ள ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி முறை பாடம் நல்ல பாடம். ஆனால் அதை முடித்துச் சான்றிதழ் வாங்குவதற்குள் கைடு (வழிகாட்டும் பேராசிரியர்) தலைப்பைக் கொடுத்து, கமிட்டிக்கும் போயிருக்கும். அடுத்த மேற்படிப்புக்கான சூப்பர் ஸ்பெஷாலிட்டி நீட் தேர்வில் ஆய்வுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. பிறகு எவன் 256 பேரைத் தேடுவான்?

"ரிசர்ச் எல்லாம் வெளிநாட்டுக்காரன் வேலைப்பா" என்று சொல்லும் சீஃப்களே (துறைப் பெரியவர்களே), சேத்துப்பட்டு நம் சென்னையில்தானே இருக்கிறது? காசநோய்க்கு சானடோரியத்தில் (தனி மருத்துவமனையில்) தங்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மாத்திரையில் குணமாக்கலாம் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது அங்கே நடந்த ஆய்வு. ஏழைகள், நெரிசலான வீடுகள், போதாத சாப்பாடு. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கும் குழுவை முதல் நாளிலேயே சரியாகப் பிரித்தார்கள்.

எத்திக்ஸ் கமிட்டிக்குப் போகும் முன்பே புள்ளியியல் நிபுணரோடு ஒரு மணி நேரம். டியூட்டி சார்ட்டிலேயே அச்சடித்து, வாரத்தில் அரை நாள் ஆய்வுக்கு. இதைக்கூடத் தர முடியாதா?